புளித்துப்போன எட்டுப் படி மாவு

குடியாத்தத்தில் வீட்டு முன்னறையில் இட்லி மாவு அரைத்து விற்கிறேன். இரண்டு கிரைண்டர், ஒரு பழைய ஃபிரிட்ஜ். போன மே மாதம், கத்திரி வெயிலில், ஒரு செவ்வாய்க்கிழமை மாலை 4.15க்குக் கரண்ட் போனது. வந்தது மறுநாள் காலை 11.30க்கு. தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் போய்விட்டதாம். உளுந்து பாதி அரைபட்ட நிலையிலேயே கிரைண்டர் நின்றுவிட்டது. காலை வியாபாரத்துக்கு வைத்திருந்த எட்டுப் படி மாவும் விடிவதற்குள் பொங்கி வழிந்து புளித்துவிட்டது. அத்தனையும் சாக்கடையில் கொட்டினேன்.

வயர்மேன் தம்பி மேல் எனக்குக் கோபம் இல்லை. ராத்திரி ஒரு மணிக்கும் டார்ச்சோடு கம்பத்தடியில்தான் நின்றிருந்தார். என் வருத்தம் வேறு. மறுநாள் மின்வாரிய அலுவலகத்தில் போய், "இதுக்கு நஷ்டஈடு உண்டா சார்?" என்று கேட்டேன். "அப்படியெல்லாம் எதுவும் கிடையாதும்மா" என்று அனுப்பிவிட்டார்கள்.

குறித்த நேரத்துக்குள் சரிசெய்யாவிட்டால் உண்டு. அக்கா மகள் தேடி எடுத்துப் படித்துக் காட்டினாள். 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 57ஆவது பிரிவு: மின்சார ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த சேவைத் தரத்தை மின்சாரம் விநியோகிப்பவர் காப்பாற்றாவிட்டால் பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு தர வேண்டும். ஃபியூஸ் போனால் எத்தனை மணி நேரத்தில் சரிசெய்ய வேண்டும், டிரான்ஸ்ஃபார்மர் போனால் எத்தனை மணி நேரம் என்று நம் மாநில ஆணையம் 2004லேயே விதி போட்டிருக்கிறது. 142ஆவது பிரிவில் வருவது அபராதம். ஆணையத்தின் உத்தரவை மீறினால் ஒரு மீறலுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை, மீறல் தொடர்ந்தால் நாளொன்றுக்கு 6,000 வரை. அது நம் கைக்கு வராது. இழப்பீடுதான் நமக்கானது. 2020 டிசம்பரில் மத்திய அரசு கொண்டுவந்த நுகர்வோர் உரிமை விதிகள், தொலைவிலிருந்தே கண்காணிக்க முடிகிற குறைகளுக்கு இழப்பீடு தானாகவே வந்து சேர வேண்டும் என்கின்றன.

சரி, தொகை சின்னதுதான், என் உளுந்துக்கே காணாது. ஆனால் 59ஆவது பிரிவைப் படித்ததும் எனக்கு மனசு கேட்கவில்லை. எத்தனை பேருக்கு, மொத்தம் எவ்வளவு இழப்பீடு கொடுத்தோம் என்று ஆணையத்துக்கு மின்வாரியத்தார் கணக்குக் காட்ட வேண்டும். ஆணையம் அதை வருஷத்துக்கு ஒருமுறையாவது வெளியிட வேண்டும். நான் கேட்காமல் விட்டால், அந்தக் கணக்குப்படி எங்கள் தெரு அன்றைக்கு இருட்டாகவே இல்லை.

இப்போது மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு தொங்குகிறது. கரண்ட் போன நேரம், வந்த நேரம், புகார் எண் மூன்றையும் அதில் எழுதுகிறேன். புகார் எண்ணைக் கேட்டு வாங்காமல் போனை வைப்பதில்லை. மின்வாரியத்தின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றத்துக்கு மனுவும் எழுதியாகிவிட்டது. அங்கே சரிவராவிட்டால் அப்புறம் மின்குறை தீர்ப்பாளர் இருக்கிறார்.

தெருவில் பதினோரு வீட்டுக்காரர்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். எதிர்வீட்டுத் தறிக்காரர் அன்றைக்குத் தறி நின்ற நேரத்தைத் தன் கைப்பட எழுதிக் கொடுத்திருக்கிறார். அவர் எழுதியதும் 4.15தான்.