சாயவேர்ச் சிவப்பும் ஒரு கற்பனை நாட்டின் சட்டமும்

கீழக்கரையில் எங்கள் மொட்டை மாடியில் ஞாயிறுதோறும் நாங்கள் நால்வர் ஆடும் கதாபாத்திர விளையாட்டுக்காக, ஒரு கடலோர நாட்டின் உடைச் சட்டத்தை எழுதிக்கொண்டிருக்கிறேன். அரசகுலத்தார் தவிர எவரும் ஊதா உடுத்தக் கூடாது என்று எழுதியதும், ஏன் என்று தங்கை கேட்டாள், விழித்தேன்.

நிறத்தின் மதிப்பு பெரும்பாலும் அதன் அருமையிலிருந்தே பிறக்கிறது. 1909இல் வேதியியலாளர் பிரீட்லேண்டருக்கு 12,000 கடல் நத்தைகளிலிருந்து கிடைத்த ஊதாச் சாயம் 1.4 கிராம்தான்.

எங்கள் கரைக்கோ சிவப்பே பொருந்தும். மணலில் படரும் சாயவேர்ச் செடி சிறியது. சாயம் தரும் அதன் மெல்லிய வேரோ ஆழ இறங்கும். அவ்வேரைக் குனிந்து தோண்டுகிறவளே அதன் சிவப்பை உடுத்தக் கூடாது என்று விதியைத் திருத்தியதும் கதை தானே நகர்ந்தது. (இது மிகை என்பவர்களுக்கு: தோள்சீலைப் போராட்டத்துக்குப் பின் 1859இல் திருவிதாங்கூர் அரசு வெளியிட்ட ஆணைகூட, நாடார் பெண்கள் மார்பை மறைக்கலாம், ஆனால் உயர்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்றே சொன்னது.)

சென்ற வாரம் தங்கையின் பாத்திரமான சாயக்காரியைச் சந்தை வாசலில் காவலன் மறித்து, சிவந்த விரல்களைச் சுட்டினான். சட்டம் துணிக்குத்தானே, விரலுக்கில்லையே என்று அவள் வாதிட்டாள். நடுவரான நான் இன்னும் தீர்ப்புச் சொல்லவில்லை.