எக்ஸ்டெண்டட் வாரண்டி இருந்தும் கியர்பாக்ஸுக்காகப் பட்ட பாடு

எக்ஸ்டெண்டட் வாரண்டி முடியச் சில வாரங்களே இருந்த நேரத்தில் என் காரில் ரிவர்ஸ் கியர் விழாமல் போனது. 7 கியர் டூயல் கிளட்ச் ஆட்டோமேட்டிக், அதாவது உள்ளே இரண்டு கிளட்ச். முன்னால் ஓட்டினாலும் 1, 3, 5 என்றுதான் ஏறியது. இந்த வகை கியர்பாக்ஸில் 2, 4, 6, ரிவர்ஸ் நான்கும் ஒரே கிளட்ச் பக்கம் இருக்கும். நான்கும் சேர்ந்து போனால், கியரையும் கிளட்ச்சையும் தானாக இயக்கும் மெக்கட்ரானிக் யூனிட்டைத்தான் முதலில் சந்தேகப்படுவார்கள். எனக்குக் கொடுத்த எஸ்டிமேட் 2,40,000 ரூபாய்.

திண்டுக்கல்லிலிருந்து மதுரை சர்வீஸ் சென்டருக்கு ஃப்ளாட்பெட்டில் ஏற்றி அனுப்பியதுவரை எல்லாம் ஒழுங்காக நடந்தது. முன்சக்கரங்கள் தரையில் உருளும்படி கட்டி இழுக்க மட்டும் சம்மதிக்காதீர்கள். கியர்பாக்ஸுக்கும் கேடு, கிளெய்மைத் தள்ளிவிடவும் காரணம் கிடைத்துவிடும்.

சிக்கல் ஜாப் கார்டிலேயே, அதாவது வண்டியை விடும்போது புகாரை எழுதும் தாளிலேயே ஆரம்பித்தது. சர்வீஸ் அட்வைசர் "கியர் மாறும்போது ஜெர்க்" என்று எழுதினார். ரிவர்ஸே விழவில்லை என்று சொன்னேன். "எல்லாம் ஒண்ணுதான் சார், உள்ளே பார்த்துக்குவாங்க" என்றார். ஒன்றே இல்லை. ஜெர்க் என்று எழுதிவிட்டால் கிளட்ச் தேய்மானம் என்று முடித்துவிடலாம். கிளட்ச் பிளேட், பிரேக் பேட் மாதிரி தேயும் பாகங்கள் பொதுவாக வாரண்டியில் சேராது. "ரிவர்ஸ், 2, 4, 6 விழவில்லை" என்று திருத்தி எழுதும்வரை நான் கையெழுத்துப் போடவில்லை. தேதியையும் கிலோமீட்டரையும் சரிபார்த்து நகல் வாங்கிக்கொண்டேன். வாரண்டி முடிவதற்கு முன்பே புகார் பதிவானதற்கு அந்தத் தாள்தான் ஆதாரம்.

அடுத்து, கியர்பாக்ஸை இறக்கிப் பிரிக்கும் கூலிக்கு ஒரு சம்மதக் கடிதம் நீட்டினார்கள். கிளெய்ம் ரிஜெக்ட் ஆனால் அந்தச் செலவு என்னுடையதாம். ஸ்கேனரில் வந்த கோளாறுக் குறியீடுகளை முதலில் கம்பெனிக்கு அனுப்புங்கள், அவர்கள் பிரிக்கச் சொன்னால் அப்புறம் பிரிக்கலாம் என்றேன். முணுமுணுத்துக்கொண்டேதான் ஒத்துக்கொண்டார்கள்.

ரிஜெக்ட் ஆன செய்தி போனில் வந்தது. மூன்றாம் வருட சர்வீஸ் சிஸ்டத்தில் இல்லை என்றார்கள். அந்த சர்வீஸை இதே கம்பெனியின் இன்னொரு டீலரிடம்தான் செய்திருந்தேன். அந்த டீலர் பிறகு கடையை மூடிவிட்டார். அவர்கள் ஏற்றாமல் விட்ட பதிவுக்கு நான் எப்படிப் பொறுப்பாவேன்? கேட்டால், "போர்ட்டல்ல அப்படித்தான் காட்டுது சார்." இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டு நொந்துபோனேன். வாரண்டிக்குப் பணம் கட்டும்போது ஒருவரும் எந்தப் போர்ட்டலையும் பார்க்கவில்லை.

நல்லவேளையாக அந்த சர்வீஸின் ஜிஎஸ்டி இன்வாய்ஸ் பழைய மெயிலில் கிடந்தது. அதில் வண்டி எண், கிலோமீட்டர், போட்ட ஆயில், ஃபில்டர் எல்லாம் இருந்தன. வங்கி ஸ்டேட்மென்டில் அதே தொகையைத் தேடி எடுத்து இரண்டையும் சேர்த்து, கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவுக்கும் சர்வீஸ் மேனேஜருக்கும் ஒரே மெயிலாக அனுப்பினேன். கேட்டது ஒன்றே ஒன்று: வாரண்டிப் புத்தகத்தின் எந்த நிபந்தனைப்படி மறுக்கிறீர்கள் என்று எழுத்தில் கொடுங்கள். கூடவே 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்து, அந்தப் புகார் எண்ணையும் மெயிலில் சேர்த்தேன்.

வாரண்டிப் புத்தகத்தில் வழக்கு என்றால் குறிப்பிட்ட ஓர் ஊர் நீதிமன்றத்தில்தான் என்று அச்சடித்திருப்பதைப் பார்த்துப் பலர் அதோடு விட்டுவிடுகிறார்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். இரண்டு வருடம் அவகாசம் உண்டு. நாம் கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் கிடையாது. திண்டுக்கல்லில் வழக்குப் போடுவேன் என்று அந்த மெயிலின் கடைசி வரியில் எழுதியிருந்தேன்.

எழுத்தில் மறுப்பு வரவேயில்லை, அப்ரூவல்தான் வந்தது! மெக்கட்ரானிக்கும் மாற்றும் கூலியும் முழுக்க கம்பெனி செலவு. ஆயிலுக்கும் சில்லறைப் பொருட்களுக்கும் மட்டும் நான் கட்டினேன், அதில் எனக்கு வருத்தமில்லை.

வண்டி எடுக்கும்போது பார்க்க வேண்டியது: யூனிட்டை மாற்றியபின் ஸ்கேனரில் பேசிக் செட்டிங் (புது யூனிட்டை கியர்பாக்ஸோடு பொருந்தச் செய்வது) செய்தார்களா என்று கேளுங்கள். அட்வைசரைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு சரிவில் ரிவர்ஸில் ஏற்றிப் பாருங்கள். என் பில்லில் "பார்க்கிங்" என்று ஒரு தொகை போட்டிருந்தார்கள். அப்ரூவல் தாமதமானதற்கு நான் வாடகை கட்ட மாட்டேன் என்று நின்றதும் அந்தத் தொகையை நீக்கிவிட்டார்கள். புது யூனிட்டின் பாக எண்ணும் அதற்கான வாரண்டியும் குறித்த இன்வாய்ஸ் மட்டும் இன்னும் கைக்கு வரவில்லை. அதையும் அதே மெயிலின் தொடர்ச்சியாகக் கேட்டிருக்கிறேன்.