வைவாவுக்கு முன்னால் கம்பைலரைக் கேளுங்கள்

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடினால் எப்போது திறக்கும் என்று சொல்ல முடியாது. ஆர்க்கிடெக்சர் லேப் தேர்வுக்கு முந்தைய இரண்டு வாரம், அங்கே நின்ற நேரமெல்லாம் வெக்டர் இன்ட்ரின்சிக் பெயர்களை, அதாவது ஒரே கட்டளையில் பல எண்களைக் கணக்கிடும் சிபியு வசதியை சி நிரலிலிருந்து கூப்பிடும் ஃபங்ஷன்களின் பெயர்களை, நெட்டுருப் போட்டேன். வீண் வேலை. வைவாவில் ஒரு பெயரைக்கூடக் கேட்கவில்லை.

எக்ஸாமினர் தாளில் சின்ன லூப் ஒன்றை எழுதினார்: ஃப்ளோட் எண்கள் கொண்ட அரேயின் கூட்டுத்தொகை. “ஜிசிசியில் ஓ3 கொடுத்தாலும் இது வெக்டர் ஆகாது. ஏன்?” ஜிசிசி என்பது சி கம்பைலர், ஓ3 என்பது நிரலை வேகமாக்க அது அதிகம் மெனக்கெடும் ஆப்ஷன். வெக்டர் ஆவது என்றால், லூப் ஒவ்வொரு எண்ணாக இல்லாமல் பல எண்களைச் சேர்த்துக் கணக்கிடுவது.

முந்தின இரவு தூக்கம் வராமல் ‘எஃப்-ஆப்ட்-இன்ஃபோ-வெக்-மிஸ்டு’ என்ற ஆப்ஷனைப் போட்டுப் பார்த்திருந்தேன். பிழைத்தேன். எந்த லூப்பை வெக்டர் ஆக்காமல் விட்டது, ஏன் விட்டது என்று கம்பைலரே வரி எண்ணோடு சொல்லிவிடும். ஃப்ளோட் கூட்டலில் வரிசை மாறினால் விடையின் கடைசி இலக்கங்கள் மாறலாம். அதனால் நாம் அனுமதி தராமல் கம்பைலர் வரிசையில் கை வைக்காது. ‘ஃபாஸ்ட்-மேத்’ ஆப்ஷன்தான் அந்த அனுமதி, அதைக் கொடுத்தால் வைக்கும். அதே லூப்பை இன்ட் எண்களுக்கு எழுதினால் அனுமதியே தேவையில்லை. மூன்றையும் உங்கள் கையால் ஓட்டிப் பாருங்கள்.

சிபியுவின் வெக்டர் கட்டளைத் தொகுதியான ஏ.வி.எக்ஸ். கணக்கு நம்ம மீன்பாடி வண்டி மாதிரி. சிபியுவுக்குள் எண்களை வைக்கும் 256 பிட் ரெஜிஸ்டரில் 32 பிட் எண்கள் 8 ஏறும். ஒரு நடைக்கு எட்டுக் குடம். 1003 எண்கள் என்றால் 125 நடை, மிச்சம் மூன்று குடத்தைக் கையில்தான் தூக்க வேண்டும். அந்த மிச்ச லூப்பை மறந்தால் மார்க் போச்சு.

இன்டெல்லின் இன்ட்ரின்சிக்ஸ் கைடில் பெயருக்குக் கீழே வரும் ‘ஆபரேஷன்’ பகுதியைப் படியுங்கள், அது போதும். மெமரியிலிருந்து எண்களை எடுக்கும் 256 பிட் ‘லோட்’ 32 பைட் எல்லையில் தொடங்கும் முகவரி கேட்கும், ‘லோட்யூ’ கேட்காது என்பதெல்லாம் அந்தப் பக்கத்திலேயே இருக்கிறது. பழைய நோட்ஸில் ஓ3 வந்தால்தான் வெக்டர் ஆகும் என்று இருக்கும். ஜிசிசி 12 முதல், அதாவது 2022-இலிருந்து, அதற்கு ஒரு படி கீழான ஓ2-விலேயே எளிய லூப்கள் வெக்டர் ஆகின்றன.

அப்புறம் என் முட்டாள்தனம் ஒன்று. நண்பனின் புது லேப்டாப்பில் ‘மார்ச்-நேட்டிவ்’ (கம்பைல் செய்யும் கணினியின் சிபியுவுக்கே ஏற்றபடி ஆக்கும் ஆப்ஷன்) போட்டுக் கம்பைல் செய்த ஃபைலை, மாதிரித் தேர்வன்று லேப் கணினியில் ஓட்டினேன். ‘இல்லீகல் இன்ஸ்ட்ரக்‌ஷன்’ என்று நின்றுவிட்டது. ஃபைலில் இருந்தவை ஏ.வி.எக்ஸ்.-இன் அடுத்த பதிப்பான ஏ.வி.எக்ஸ்.2 கட்டளைகள். இன்டெல்லில் அது வந்தது 2013-இல், ஹாஸ்வெல் சிபியுக்களோடு. அந்தக் கணினி அதற்கும் மூத்தது. லினக்ஸில் ‘எல்எஸ்சிபியு’ தட்டி அதில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு, அங்கேயே கம்பைல் செய்யுங்கள்.