பழைய ஜீப்புக்கு எஃப்சி: இரண்டு நடை வீண், மூன்றாவது நடையில் கையெழுத்து

வண்டி மஹிந்திரா எம்எம் 540, டீசல், ஃபோர் வீல், ஓன் போர்டு. 15 வருட ஆர்சி எப்போதோ முடிந்து, 5 வருடப் புதுப்பிப்பில் ஓடிக்கொண்டிருக்கிறது. மறுபடி புதுப்பிக்க ஆர்டிஓ ஆபீசில் வண்டியைக் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும். பேச்சு வழக்கில் இதைத்தான் எஃப்சி என்கிறோம். படிவம் 25, இன்சூரன்ஸ், புகைச் சான்று, பசுமை வரி எல்லாம் ஒரே நாளில் முடிந்தன. 20 வருடம் தாண்டிய காருக்கு 2025 ஆகஸ்டில் புதுப்பிப்புக் கட்டணமே 10,000 ரூபாய் ஆனது. அவ்வளவு கட்டிவிட்டு வண்டியைத் திருப்பி ஓட்டி வருவது எரிச்சலான வேலை. காரைக்குடி, தேவகோட்டை, திருமயம் பக்கம் பழைய ஜீப் வைத்திருப்பவர்களுக்கு அது நேரக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஆர்டிஓ ஆபீசுக்குப் போன முதல் நடை பத்து நிமிடத்தில் முடிந்துபோனது. போன வருடம் அடிப்பாகத்துக்குக் கறுப்பு அண்டர்கோட் அடித்த பட்டறை, சேசிஸ் நம்பர் மேலேயும் சேர்த்து அடித்துவிட்டது. பென்சில் பிரின்ட் எடுக்கப் பேப்பரை வைத்தால் ஒரு எழுத்துகூட விழவில்லை. "நம்பரே தெரியலைன்னா நான் எதைப் பார்த்துக் கையெழுத்துப் போடுறது?" என்றார் பிரேக் இன்ஸ்பெக்டர். அவர் கேட்டது நியாயம். கோபமெல்லாம் கவுன்டர் மீதுதான். முந்தின வாரமே போய், வண்டியில் என்னென்ன பார்ப்பார்கள் என்று கேட்டதற்கு, "எல்லாம் நெட்டுலயே இருக்கு சார்" என்று தலையைத் தூக்காமலே பதில் வந்தது.

நம்பரைச் சுத்தம் செய்யும்போது கிரைண்டரைப் பக்கத்திலேயே கொண்டுவரக் கூடாது. டிஸ்க் ஒரு தடவை பட்டாலும் எழுத்தின் ஓரம் தேய்ந்துவிடும். நம்பரைத் திருத்தியிருக்கிறார்கள் என்ற சந்தேகம் வந்தால் அதை நிரூபித்து மீள்வது பெரும்பாடு. பெயின்ட் ரிமூவரைத் தடவி, ஊறவிட்டு, பித்தளைப் பிரஷ்ஷால் கையால் தேய்த்தால் போதும். தெளிந்ததும் மெல்லியதாகக் கிரீஸ் பூசிவிடுங்கள். துருவை ஆராயும் செக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) காரைக்குடியிலேயே இருக்கிறது. அப்படியிருந்தும் துருவைச் சுரண்டாமல் மேலேயே பெயின்ட் அடிக்கும் பழக்கம் நம் பட்டறைகளை விட்டுப் போகவில்லை என்பது வருத்தமான விஷயம்.

அதே நடையில் முன் பம்பரில் இருந்த புல் பாரையும் (இரும்புக் கம்பித் தடுப்பு) கழற்றச் சொன்னார்கள். 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு அதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுக்கு விரோதம் என்று சொல்லிவிட்டது. ஆர்சியில் உள்ள விவரத்துக்கும் கம்பெனி ஸ்பெசிஃபிகேஷனுக்கும் மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் தீர்ப்புச் சொன்னது. அனுமதி இல்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம் உண்டு. இன்ஜின் மாற்றுவது, பாடி மாற்றுவது மாதிரி யோசனை இருந்தால் முதலில் அனுமதி, பிறகு ஸ்பேனர்.

இரண்டாவது நடையில் பிரேக். அழுத்தினால் வண்டி ஒரு பக்கம் வெட்டியது. இதைப் பட்டறையில் மாதக் கணக்கில் சொல்லியும் பிரேக் ஷூவை அட்ஜஸ்ட் செய்து செய்து அனுப்பினார்கள். "பழைய ஜீப்புன்னா இப்படித்தாண்ணே இருக்கும்" என்ற பேச்சை நம்பாதீர்கள். சரியாகக் கட்டிய ஜீப் நேராகத்தான் நிற்கும்.

முன் இடது டிரம்மைக் கழற்றிப் பார்த்தால் ஷூ முழுக்க எண்ணெய். பிரேக் ஆயில் என்று நினைத்து வீல் சிலிண்டரை மாற்றினால் காசு வீண். அது கியர் ஆயில், முகர்ந்தாலே கந்தக வாடை தெரியும். இந்த ஜீப்புகளின் முன் ஆக்சிலில் மூடிய நக்கிள் (சக்கரம் திரும்பும் மூட்டு), உள்ளே கிரீஸ். ஆக்சில் குழாய்க்குள் இருக்கும் உள் சீல் போனால் டிஃபரன்ஷியல் ஆயில் நக்கிளுக்குள் வந்து கிரீஸைக் கரைக்கும். கரைந்த கூழ் ஹப் சீலையும் தாண்டி டிரம்முக்குள் இறங்கும்.

ஹப் சீல் மட்டும் மாற்றியிருந்தால் மறுபடி ஒழுகியிருக்கும். மூல காரணம் ஆக்சில் குழாய் மேலே உள்ள பிரீதர், அதாவது உள்ளே இருக்கும் காற்று வெளியேறும் சிறு துளை. செம்மண் புழுதியும் கண்மாய்ச் சேறும் சேர்ந்து அதைச் செங்கல் மாதிரி அடைத்திருந்தன. ஓடிச் சூடாகும்போது உள்ளே காற்று விரியும். வெளியேற வழி இல்லாததால் ஆயிலைச் சீல் வழியாகத் தள்ளும். பிரீதரைக் கழற்றி டீசலில் ஊறவைத்து, ஊதிப் பாருங்கள். காற்றுத் தடையில்லாமல் போக வேண்டும். முடிந்தால் அதில் ரப்பர் குழாய் மாட்டி பானட் உயரத்துக்கு ஏற்றிவிடுங்கள். ஊறிய ஷூவை பெட்ரோலில் கழுவி மாட்டச் சொல்வார்கள், ஒத்துக்கொள்ளாதீர்கள். இரண்டு பக்கத்துக்கும் சேர்த்தே புது ஷூ. பிறகு மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான பின் சக்கரத்தில் தொடங்கி பிளீடிங், அதாவது பிரேக் லைனில் உள்ள காற்றை வெளியேற்றுவது.

நக்கிளைத் திறந்ததால் ஒரு நல்லது நடந்தது. 50 கிலோமீட்டர் வேகத்தில் பள்ளத்தில் இறங்கினால் ஸ்டீயரிங் உதறும். அதற்காக டை ராட் எண்டு, ஸ்டீயரிங் டேம்பர், டயர் மூன்றையும் வரிசையாக மாற்றியாகிவிட்டது. கோளாறு கிங் பின் பேரிங்கில். நக்கிள் திரும்பும் அச்சுதான் கிங் பின். ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது ஆட்டம் தெரிந்தால், ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். மிதித்தும் ஆடினால் கிங் பின். நின்றுவிட்டால் வீல் பேரிங். கிங் பின் மூடிக்கு அடியில் இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய ஷிம் தகடுகள் இருக்கும். எடுப்பதென்றால் மேலும் கீழும் சம கனத்துக்கு எடுக்க வேண்டும். மேலே மட்டும் எடுத்தால் ஆக்சில் ஷாஃப்ட் நடுவிலிருந்து விலகும். இறுக்கத்தைப் பார்க்கும்போது ஆயில் சீலும் டை ராடும் கழன்றிருக்க வேண்டும். பேரிங் கப்பில் ரோலர் தடம் குழி விழுந்திருந்தால் ஷிம் உதவாது. பேரிங், கப் இரண்டும் புதிது. வீல் பேரிங் நட்டைச் சக்கரம் பிடிக்கும்வரை இறுக்கி, ஆறில் ஒரு சுற்றுத் தளர்த்தி, லாக் வாஷரை மடக்கிவிடுங்கள்.

உயரத்துக்காக நீள ஷேக்கிள் (பட்டை ஸ்பிரிங்கைச் சேசிஸோடு இணைக்கும் துண்டு) போட்டிருந்தால் அதையும் கழற்றிப் பழையதை மாட்டுங்கள். ஷேக்கிள் முன்பக்கம் இருக்கும் ஜீப்பில் நீளத்தைக் கூட்டினால் காஸ்டர் கோணம் (கிங் பின் பின்னோக்கிச் சாயும் அளவு) குறைந்து, ஸ்டீயரிங் தானாக நேருக்கு வராது. உதறலுக்கு அதுவும் ஒரு காரணம்.

சீமைக்கருவேல முள் பற்றியும் சொல்லியாக வேண்டும். ட்யூபை மாற்றிய அன்றே மறுபடி பஞ்சர் ஆனால், முள்ளின் நுனி டயருக்குள் ஒடிந்து நிற்கிறது என்று அர்த்தம். விரலால் தடவினால் குத்திவிடும். பழைய பனியன் துணியை உள்ளே சுற்றித் தேய்த்தால் நூல் மாட்டும் இடத்தில் முள் இருக்கும்.

மூன்றாவது நடை அரை மணி நேரம். நம்பர் பளிச்சென்று விழுந்தது, பிரேக்கில் வண்டி நேராக நின்றது, இன்ஸ்பெக்டர் ஸ்டீயரிங்கை ஒருமுறை ஆட்டிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

இப்போது மிச்சம் ஒரு வேலை. கியர்பாக்ஸ் ஆயில் குறைந்து, டிரான்ஸ்ஃபர் கேஸில் (முன், பின் ஆக்சிலுக்குச் சக்தியைப் பிரிக்கும் பெட்டி) அளவு ஏறிக்கொண்டே போகிறது. வெளியே ஒரு சொட்டு ஒழுகாததால் யாரும் கவனிக்க மாட்டார்கள். இரண்டுக்கும் நடுவில் உள்ள சீல் போயிருக்கிறது. மாற்றும்வரை 500 கிலோமீட்டருக்கு ஒரு தடவை இரண்டு லெவல் பிளக்கையும் திறந்து பார்த்துக்கொள்ள வேண்டும். கியர்பாக்ஸுக்கு ஜிஎல்-4 தர ஆயில்தான். கடையில் ஜிஎல்-5 கொடுத்தால் வாங்காதீர்கள், உள்ளே இருக்கும் பித்தளை சிங்க்ரோ வளையத்துக்கு அது ஆகாது.