பட்டவராயனுக்கு ஒரு ஜோடி செருப்பு

தம்பி காலில் பிளேட் வைத்த அன்றே ஆச்சி நேர்ந்துகொண்டாள். "பட்டவராயா, என் பேரன் கம்பு ஊனாம நடக்கட்டும், உனக்குச் செருப்பு தச்சுக் கொண்டாந்து மாட்டுதேன்." பதினாலு மாதம் கழித்து, ஆடி அமாவாசைக்கு, அவனே செருப்புப் பையைச் சுமந்துகொண்டு பாபநாசம் மலைமேல் காரையாறு சொரிமுத்தையன் கோயிலுக்கு வந்தான். பட்டவராயன் அங்கே காவல் சாமி. தோல் செருப்பு. தைக்கக் கொடுத்தபோது ஆச்சி சொன்ன அளவு தம்பியின் கால் அளவு.

கார்களைக் கீழேயே நிறுத்திவிட்டார்கள். பஸ்ஸுக்கு இரண்டரை மணி நேரம் வரிசை. செக்போஸ்ட்டில் பிளாஸ்டிக் கவரையெல்லாம் வாங்கி வைத்துக்கொண்டார்கள்; புலிகள் காப்பகம், அது நியாயம்தான். "ஐந்நூறு குடுங்க, வரிசையில்லாம சாமி பாக்கலாம்" என்று ஒருவன் பின்னாலேயே வந்ததுதான் பொறுக்கவில்லை. சொரிமுத்தையன் வாசலிலுமா இது!

ஆற்றில் இறங்கியதும் அத்தனையும் போச்சு. பொதிகையில் பிறந்து ஊர் எதையும் தொடாத தண்ணீர். மருத மர வேருக்கடியில் மீன் ஓடுவது தெரிகிறது. மேலே சாரல். முங்கி எழுந்த ஆச்சி திடீரென்று சரிந்தாள். யாரோ விட்டுப்போன சேலை காலில் சுற்றியிருந்தது. தம்பிதான் பாய்ந்து பிடித்தான், அந்தக் காலை ஊன்றி. சேலையை இழுத்தால் பாறை இடுக்கிலிருந்து வேட்டி, சட்டை என்று வந்துகொண்டே இருக்கிறது. துணியை விட்டால் பாவம் போகுமாம். புன்னைக்காயலில் கடலைச் சேரும்வரை எத்தனை ஊர் இந்தத் தாமிரபரணியைக் குடிக்கிறது! முடிந்தவரை இழுத்துக் கரையில் போட்டோம்.

பட்டவராயன் முன்னால் வந்தபோது கண் மறைத்தது. கொத்துக் கொத்தாகச் செருப்புகள். பழைய ஜோடி ஒன்றை ஆச்சி திருப்பிக் காட்டினாள். குதிகால் ஒருபக்கமாகத் தேய்ந்து, தையல் ஓரத்தில் மண் அப்பியிருந்தது. "பாத்தியால, ராத்திரியெல்லாம் காவலுக்கு நடந்திருக்கான்." செருப்புத் தைக்கும் வீட்டுப் பெண்கள் பொம்மக்காவையும் திம்மக்காவையும் கட்டி, தானும் செருப்புத் தைத்து, மாடு காக்கப் போய் உயிரை விட்டவன் அல்லவா. தம்பி அந்தத் தேய்ந்த குதிகாலைத் தடவிக்கொண்டே நின்றான். பின்னாலிருந்து தள்ளினார்கள், நகரவில்லை. புதுச் செருப்பை மாட்டியதும் அப்படியே தரையில் விழுந்து கும்பிட்டான். மடக்கவே முடியாது என்று சொன்ன முட்டி அது.

ஐயா பட்டவராயா, சொரிமுத்தையா, பிள்ளையை நடக்க வைத்துவிட்டீர்கள், ஆச்சியை ஆற்றில் காத்துக் கொடுத்தீர்கள். வேறு என்ன கேட்க? செருப்பு அளவு சரியாக இருக்கிறதா என்று அடுத்த ஆடிக்கு மூன்று பேரும் வந்து பார்க்கிறோம்.