இன்னும் 45 டிகிரி

2001 ஜனவரி 26, காலை 8:46. குடியரசு தின விடுமுறை என்பதால் அகமதாபாத்தில் பெரும்பாலோர் வீட்டில்தான் இருந்தார்கள். முதலில் ஜன்னல் கண்ணாடிகள் சடசடத்தன. பிறகு தரையே பக்கவாட்டில் இழுத்தது. நிலநடுக்கத்தின் மையம் கட்ச் மாவட்டத்தில் பச்சாவ் பக்கம், எங்களிடமிருந்து 200 கிலோமீட்டருக்கும் அப்பால். அவ்வளவு தூரத்தில் இருந்தும் இங்கே ஏறக்குறைய 70 அடுக்குமாடிக் கட்டடங்கள் விழுந்தன. நகரத்தில் மட்டும் சுமார் 750 உயிர்கள் போயின.

அப்போது நான் கட்டடங்களுக்கு வலிமைக் கணக்குப் போடும் ஓர் அலுவலகத்தில் வேலை பார்த்தேன். இரண்டு நாள் கழித்து, நிற்கிற கட்டடங்களில் ஆட்கள் திரும்பிக் குடியேறலாமா என்று பார்த்துச் சொல்லும் குழுவோடு போனேன்.

போன இடங்களில் ஒன்று இன்னும் கண்ணில் நிற்கிறது. தரைத்தளம் முழுக்கத் திறந்த பார்க்கிங், அதன் மேல் நான்கு மாடி. மேல் மாடிகளில் பெரிய சேதமில்லை. பால்கனிக் கொடியில் துணிகூட அப்படியே கிடந்தது. ஆனால் முதல் மாடி மண்ணில் உட்கார்ந்திருந்தது. தரைத்தளத்தைக் காணோம். மேலே வீட்டுக்கு வீடு செங்கல் சுவர் இருப்பதால் நான்கு மாடியும் ஒரே பெட்டிபோல விறைப்பாக நிற்கும். கீழே வெறும் பில்லர்கள். ஆட்டம் முழுவதையும் அந்தப் பில்லர்கள்தான் தாங்க வேண்டியிருந்தது.

உடைந்த ஒரு பில்லரின் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். நிமிர்ந்து நிற்க வேண்டிய கம்பிகள் வெளிப்பக்கமாகப் பிதுங்கியிருந்தன. நடுவில் இருந்த கான்கிரீட்டைத் தொட்டதும் ஜல்லி ஜல்லியாக உதிர்ந்தது. கம்பிகளைச் சுற்றிக் கட்டியிருந்த ரிங்குகள், பென்சில் கனம்தான் இருக்கும், வாய் திறந்து விரிந்து கிடந்தன. ரிங்கின் முனை 90 டிகிரியில் மட்டும் மடிக்கப்பட்டிருந்தது. அப்படி மடித்தால் முனை, கம்பிகளுக்கு வெளியே இருக்கும் மேல்பூச்சுக் கான்கிரீட்டுக்குள்தான் இருக்கும். ஆட்டத்தில் அந்த மேல்பூச்சு உதிர்ந்ததும் பிடிமானம் போய், ரிங் அவிழ்ந்துவிடும். 135 டிகிரிக்கு மடித்து, முனையை மூன்று அங்குலம் உள்ளே விட்டிருந்தால், மேல்பூச்சு போனாலும் நடுக் கான்கிரீட் அதைப் பிடித்துக்கொண்டிருக்கும்.

அலுவலகம் திரும்பி எங்கள் பழைய வரைபடங்களை எடுத்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் 90 டிகிரி. 135 வேண்டும் என்று சொல்லும் ஐ.எஸ். 13920 என்ற இந்தியத் தரநிலை 1993லேயே வந்துவிட்டது. நாங்கள் கணக்குப் போட்ட கட்டடம் எதுவும் விழவில்லை. அதற்கு எங்கள் திறமைதான் காரணம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மறு ஆண்டு, நிலநடுக்கத்தைத் தாங்கும் வடிவமைப்புக்கான ஐ.எஸ். 1893 தரநிலை திருத்தி வெளியிடப்பட்டது. இப்படித் திறந்த தளமாக விட்டால் அங்குள்ள பில்லர்களையும் பீம்களையும் கணக்கில் வருவதைவிட 2.5 மடங்கு விசைக்கு வடிவமைக்க வேண்டும் என்றது. புதிய கட்டடத்துக்கு அது சரி. ஏற்கெனவே நிற்பவைதான் பெரிய பாடு. பார்க்கிங்கில் இரண்டு மூன்று இடங்களில் கான்கிரீட் சுவர் எழுப்பினால் பெரும் பலம் கிடைக்கும். ஆனால் யாருடைய கார் வெளியே போவது என்ற பேச்சிலேயே குடியிருப்போர் சங்கக் கூட்டங்கள் கலைந்துவிடும். பலர் பில்லரைச் சுற்றிக் கம்பி கட்டிக் கான்கிரீட் ஜாக்கெட் போட்டார்கள். அந்தக் கம்பி கீழே அஸ்திவாரத்துக்குள்ளும், மேலே தளத்தைத் துளைத்தும் போகாவிட்டால், பில்லர் தடிமனாகத் தெரியுமே தவிர முனைகளில் பழைய பலவீனம் அப்படியே இருக்கும். இப்படிப் போட்டதை நானே பல இடங்களில் பார்த்திருக்கிறேன்.

வீட்டுக்குள் செய்ய வேண்டியவை எளிது: பீரோவையும் உயரமான அலமாரியையும் சுவரோடு திருகி இறுக்குங்கள், கட்டிலுக்கு மேலே கனமான எதையும் வைக்காதீர்கள்.

கம்பிக்கு வருகிறேன். அதன் பிறகு என் வரைபடம் எல்லாவற்றிலும் 135 என்று பெரிதாக எழுதினேன். சைட்டுக்குப் போனால் மறுபடியும் 90. கோபத்தில் கம்பி கட்டும் மேஸ்திரியிடம் சத்தம் போட்டேன். அவர் பதில் பேசாமல் ஒரு ரிங்கை எடுத்து 135க்கு மடித்து, "நீங்களே மாட்டுங்க சாப்" என்று நீட்டினார். உள்நோக்கி நீண்ட இரண்டு முனைகளும் கம்பிகளில் இடித்தன. ஒன்றை மாட்டவே எனக்குப் படாத பாடு. "எங்களுக்கு டன் கணக்கில்தான் கூலி. இதுக்கு நேரம் இரட்டிப்பு, எடை அதேதான்" என்றார்.

இத்தனை ஆண்டுகளில் இதை நான் யோசித்ததே இல்லை. அடுத்த ஒப்பந்தத்தில் கொக்கி மடிப்புக்குத் தனிக்கூலி எழுதினேன். பீம் சேரும் இடங்களில் 100 மில்லிமீட்டருக்கு ஒரு ரிங் நெருக்கிக் கட்டுவதற்கும் சேர்த்து. உரிமையாளர் முணுமுணுத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

கான்கிரீட் ஊற்றுவதற்கு முந்தைய மாலை, டார்ச் அடித்துக்கொண்டு ஒவ்வொரு பில்லராகக் குனிந்து பார்த்தேன். ஒரு மூலையில் நான்கு ரிங் மட்டும் 90இல் இருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் மேஸ்திரியே அதைப் பார்த்துவிட்டார். பையனைக் கூப்பிட்டு அவிழ்க்கச் சொன்னார்.