இபி பில்லில் மாட்டிக்கொண்ட எல்எல்பி: நாங்கள் கூட்டு சேர்ந்த கதை

2017-ல் ஆரம்பித்தபோது கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு மாடி அறை, இரண்டு மேசை, பேப்பர் சிக்கும் ஒரு பழைய பிரின்டர், நானும் என் கல்லூரி நண்பனும், அவ்வளவுதான் எங்கள் கன்சல்டிங் நிறுவனம். பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைக்கும் ஆலைகளுக்கு உணவுப் பாதுகாப்பு உரிமம் எடுத்துக் கொடுப்போம், பதிவேடு எழுதப் பழக்குவோம், சிப்காட்டில் சின்ன யூனிட்டுகளுக்கு ஐஎஸ்ஓ தரச் சான்றுக்கான ஆவணம் தயார் செய்வோம். கன்சல்டிங் என்றால் ஊரில் யாருக்கும் புரியாது. "லைசென்ஸ் எடுத்துத் தர்றவங்க" என்றால் உடனே உட்காரச் சொல்லி டீ வரவழைப்பார்கள்.

கூட்டாளிப் பத்திரம் இருந்தது, முத்திரைத் தாளில் இரண்டு பக்கம். அதைப் பதிவு செய்யத்தான் தோன்றவில்லை. ஒரு ஆலை 1,80,000 ரூபாய் பாக்கி வைத்துவிட்டு போனை எடுக்காமல் போனபோது வக்கீலிடம் ஓடினோம். அவர் கேட்ட முதல் கேள்வியே "ஃபர்ம் ரிஜிஸ்டர் ஆயிருக்கா தம்பி?" என்பதுதான். 1932-ஆம் வருடக் கூட்டாண்மைச் சட்டத்தில் பதிவு கட்டாயமில்லை, ஆனால் பதிவில்லாத ஃபர்ம் ஒப்பந்தப் பாக்கிக்காக வழக்குப் போட முடியாது, 69-ஆம் பிரிவு அப்படி. கட்டாயமில்லை என்று சொல்லிக்கொண்டே கட்டிப்போடுகிற சட்டம். "முதல்ல பதிவு பண்ணிட்டு வாங்க, மூணு வருஷத்துக்குள்ள கேஸ் போட்டா போதும்" என்றார். பதிவு செய்தோம், நோட்டீஸ் அனுப்பினோம், பணம் நான்கு தவணையில் வந்தது. கடைசித் தவணைக்குப் பதிலாக டபிள்யூ 320 முந்திரிப் பருப்பாகத் தரட்டுமா என்று கேட்டார்கள். பவுண்டுக்கு 320-க்கு மேல் எண்ணிக்கை போகாத நல்ல ரகம்தான், நண்பன் சரி என்று சொல்லிவிடுவானோ என்றுதான் எனக்குப் பயம்.

அக்கா என்று நாங்கள் கூப்பிடும் மூன்றாவது கூட்டாளி வந்தது 2021-ல். புதுச்சேரியில் ஒரு தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருபது வருடத்துக்கு மேல் இருந்துவிட்டு, வெளியே வந்து தட்டாஞ்சாவடி, சேதராப்பட்டு யூனிட்டுகளுக்குத் தனியாக ஆலோசனை சொல்லிக்கொண்டிருந்தார். அவர் எங்களுக்கு வாடிக்கையாளரை அனுப்புவார், நாங்கள் அவருக்கு அனுப்புவோம், கணக்கெல்லாம் வாய்ப்பேச்சில். சேர்ந்தே செய்யலாமே என்று கேட்டபோது பட்டென்று சொன்னார்: "தம்பி, உங்க ரெண்டு பேர்ல யாரோ போடுற கையெழுத்துக்கு என் வீடு போகக்கூடாது." சாதாரணக் கூட்டு ஃபர்மில் கடன் வந்தால் கூட்டாளிகளின் சொந்தச் சொத்து வரை வரும். அதனால்தான் எல்எல்பி, அதாவது கூட்டாளியின் பொறுப்புக்கு வரம்பு வைத்த கூட்டு நிறுவனம், 2008-ஆம் வருடச் சட்டம்.

டிஜிட்டல் கையெழுத்துக்கு ஆதாரையும் பான் கார்டையும் கையில் பிடித்துக்கொண்டு வீடியோ எடுத்தது, எல்எல்பிக்கு முதலில் கொடுத்த பெயர் வேறொரு கம்பெனிப் பெயர் மாதிரி இருக்கிறது என்று திரும்பி வந்தது எல்லாம் ஒரு வாரத்து வேலை. இழுத்தடித்தது இபி பில். அலுவலக முகவரிக்கு இரண்டு மாதத்துக்கு மேல் பழசாகாத பில் வேண்டும், வீட்டுக்காரரின் ஆட்சேபணையில்லாக் கடிதம் வேண்டும். எங்கள் மாடியின் இபி கார்டு, காலமாகிவிட்ட வீட்டுக்காரருடைய அப்பா பெயரில் இருந்தது. பெயர் மாற்றப் போனால் இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதம். வாரிசுகள் மூன்று பேர், ஒருவர் துபாயில், அவருக்கும் வீட்டுக்காரருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. ஒரு எல்எல்பி பிறப்பதற்காக ஒரு குடும்பத்தின் பத்து வருடச் சண்டையைத் தீர்த்து வைத்தோம் என்றால் நம்ப மாட்டீர்கள். இரண்டரை மாதம் போனது.

அந்த இரண்டரை மாதத்தில்தான் ஒப்பந்தத்தை ஒழுங்காக எழுதினோம், அந்த விதத்தில் இபி பில்லுக்கு நன்றி. ஆடிட்டர் ஆபீசிலிருந்து ஒரு மாதிரிப் பத்திரம் வந்தது, பதினான்கு பக்கம், நான்காம் பக்கத்தில் 'மேற்படி ஜவுளி வியாபாரம்' என்று இருந்தது. அக்கா அதை மடித்து ஓரமாக வைத்துவிட்டு ஒரு கோடு போட்ட நோட்டை எடுத்தார். மூன்று ஞாயிற்றுக்கிழமை ரெட்டியார்பாளையத்தில் அவர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தோம். நீங்கள் எதுவும் எழுதிக்கொள்ளாவிட்டால் சட்டத்தின் முதல் அட்டவணை பொருந்தும், லாபமும் நட்டமும் எல்லோருக்கும் சமம். கேட்க நியாயமாக இருக்கிறது, ஆனால் வாடிக்கையாளரைப் பிடிப்பவன் ஒருத்தன், ஆலைக்குள் நின்று வேலை பார்ப்பவர் ஒருத்தர், ராத்திரி உட்கார்ந்து ரிப்போர்ட் எழுதுபவன் ஒருத்தன், இதில் எது சமம்? முதல் ஞாயிறு முழுக்க இதற்கே போனது, நண்பன் சாப்பிடாமல் கிளம்பிவிட்டான். மூன்றாவது ஞாயிறு அக்கா எழுதியது பிரிவதைப் பற்றி: மூன்று மாத நோட்டீஸ், நிலுவை வசூலான பிறகே பங்கு, வாடிக்கையாளர் யாரிடம் போக விரும்புகிறாரோ அவரிடம் போகலாம். கல்யாணப் பத்திரிகை அடிக்கும்போதே விவாகரத்துப் பேசுகிற மாதிரி இருந்தது எனக்கு. அந்த நோட்டைத்தான் பிறகு முத்திரைத் தாளில் ஏற்றி, எல்எல்பி பதிவான 30 நாளுக்குள் படிவம் 3-ல் தாக்கல் செய்தோம்.

இன்னொரு கூத்து எல்லை. கடலூரிலிருந்து புதுச்சேரி இருபத்திச் சொச்சம் கிலோமீட்டர்தான், நடுவில் முள்ளோடை தாண்டினால் வேறு மாநிலக் கணக்கு. எங்கள் ஜிஎஸ்டி எண் 33-ல் ஆரம்பிக்கும், அக்காவுடைய பழைய எண் 34. அவருடைய பழைய வாடிக்கையாளர்களுக்குக் கடலூரிலிருந்து பில் போட்டால் ஐஜிஎஸ்டி, மாநிலம் விட்டு மாநிலம் போகும் பில்லுக்கான வரி. மொத்தம் அதே 18 சதவீதம், அதை உள்ளீட்டு வரியாக அவர்கள் தங்கள் வரியில் கழித்துக்கொள்ளலாம், ஆனாலும் ஒரு கணக்காளர் "வரி மாத்திப் போட்டுட்டீங்க" என்று மூன்று முறை பில்லைத் திருப்பினார். எல்லையால் கிடைத்த ஒரே லாபம், மீட்டிங் முடிந்து வரும்போது கன்னியக்கோயிலில் பெட்ரோல் போட்டுக்கொள்வது.

வருமானமே இல்லாவிட்டாலும் எல்எல்பி மே 30-க்குள் படிவம் 11 என்ற வருடாந்திர அறிக்கையும் அக்டோபர் 30-க்குள் படிவம் 8 என்ற கணக்கு அறிக்கையும் தர வேண்டும், இதை மறந்தால் நாள் கணக்கில் அபராதம். ஒரு வருடம் மறந்தோம், விவரம் வேண்டாம்.

இப்போது ஏழு பேர் வேலை பார்க்கிறார்கள். வேலை பெருகியது நாங்கள் சிலதை விட்ட பிறகுதான். பரிசோதனைக்கூடம் ஒன்று, சாம்பிள் அனுப்பினால் கமிஷன் தருகிறேன் என்று வந்தது. எனக்கு ஆசைதான். "அப்புறம் நாம சொல்ற எந்த ரிப்போர்ட்டை ஆலைக்காரர் நம்புவார்?" என்றார் அக்கா. அவர்களோடே வேலை செய்கிறோம், கமிஷன் இல்லாமல், பில்லை ஆலைக்காரரே நேராகக் கட்டுகிறார்.

போன வருடம் நண்பன் கோயம்புத்தூருக்குக் குடிபெயர்ந்தான். மூன்று மாதம் முடிந்த அன்று அக்கா அந்த நோட்டைக் கொண்டுவந்து மூன்றாவது ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தைப் பிரித்து வைத்தார். பங்கு, நிலுவை எல்லாம் மதியச் சாப்பாட்டுக்குள் முடிந்தது. ஒரே ஒரு முந்திரி ஆலை விஷயத்தில் மட்டும் அவன் என்னுடையது என்றான், நான் எங்களுடையது என்றேன். சரி, நோட்டில் உள்ளபடி ஆலைக்காரரையே கேட்போம் என்று ஸ்பீக்கரில் போட்டோம்.

"யார் வந்தாலும் சரிதாங்க, ரினீவல் தேதி மட்டும் தவறக்கூடாது" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.